பழைய சரக்கு வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

மூட்டையின் வாயை மட்டும் பார்த்து நம்மில் யாரும் பருப்பு வாங்குவதில்லை. நடு மூட்டையில் குத்தூசியை இறக்கி, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, நாலு பருப்பைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஐயாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இவ்வளவு கவனம் காட்டும் நாம், லட்சக்கணக்கில் கொடுத்துப் பழைய வண்டி வாங்கும்போது மட்டும் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்கி விடுகிறோம். அப்படி மயங்கியவர்களில் அடியேனும் ஒருவன். நான் பட்டதை நமது உறுப்பினர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டு புரட்டாசிக் கடைசி. தீபாவளி வியாபாரம் தொடங்கும் நேரம். திண்டுக்கல்லில் இருந்து சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப இன்னொரு வண்டி தேவைப்பட்டது. நாம் 'குட்டி யானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டிகள் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று 1,65,000 ரூபாய். மற்றது 1,35,000 ரூபாய். இரண்டும் 2007 மாடல். விலை குறைந்த வண்டி பளபளவென்று இருந்தது. நான் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காலி வண்டியில் புறவழிச் சாலை வரை ஒரு சுற்று போய் வந்தேன். முப்பதாயிரம் மிச்சம் என்ற சந்தோஷத்தில் அன்றே முன்பணம் கொடுத்தேன்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில் பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடிக்குச் சரக்கு அனுப்பினேன். மலை ஏறும்போது, "முதலாளி, வண்டி கொதிக்குது, இதுக்கு மேல ஏறாது" என்று டிரைவர் போன் செய்தார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ரேடியேட்டர் ஒழுகுவது தெரியாமல் இருக்க ஓட்டை அடைக்கும் மருந்தை ஊற்றி விற்றிருக்கிறார்கள் என்பது பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டி 19 நாள் பட்டறையில் நின்றது.

கணக்கைப் பாருங்கள். வாங்கிய விலை 1,35,000. எஞ்சின் வேலை 42,000. வாடகை வண்டிக்கு நாள் ஒன்றுக்கு 900 வீதம் 19 நாளைக்கு 17,100. ஆக மொத்தம் 1,94,100. வேண்டாம் என்று விட்டு வந்த நல்ல வண்டியை விட 29,100 ரூபாய் கூடுதல். இது பேரேட்டில் ஏறிய நஷ்டம். ஏறாத நஷ்டம் ஒன்று உண்டு. இருபது வருடமாக என்னிடமே சரக்கு எடுத்த மலைக் கடைக்காரர், "அண்ணாச்சி, தீபாவளிக்கு முந்தின நாள் கடையில எண்ணெய் இல்ல, மாவு இல்ல. நான் ஜனங்களுக்கு என்ன பதில் சொல்ல?" என்று கேட்டார். அடுத்த மாதம் முதல் வேறு மண்டியில் எடுக்கத் தொடங்கினார். அவர் மேல் தவறு இல்லை.

அதன் பிறகு மூன்று பழைய வண்டிகள் வாங்கியிருக்கிறேன். ஒன்றிலும் ஏமாறவில்லை. நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

எஞ்சினைக் குளிர்ச்சியில் பாருங்கள்

காலையில், வண்டி கிளம்புவதற்கு முன்னால் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பி விடுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடிக்கிறதா என்பதில் பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த காப்பி போல இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் அதே வியாதிதான்.

புகையையும் கவனியுங்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் எரிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். கரும்புகை பெரும்பாலும் டீசல், காற்று சம்பந்தப்பட்ட கோளாறு. அதைச் சரிசெய்து கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பெரிய செலவு காத்திருக்கிறது.

அடியில் குனிந்து பாருங்கள்

எஞ்சினை மாற்றலாம், சேஸ் போனால் வண்டியே போயிற்று. 2005-ல் வந்த முதல் டாட்டா ஏஸ் சுமக்க வேண்டியது 750 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை 15. ஆனால் 30 மூட்டை ஏற்றி ஓடிய வண்டிகள் நம் ஊரில் எத்தனை என்பது நமக்கே தெரியும். அந்தப் பாரம் சேஸில் எழுதப்பட்டிருக்கும். பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததை விடக் கூடுதலாகப் பட்டை போட்டிருந்தால் வண்டி அதிக பாரம் இழுத்திருக்கிறது. ஸ்பிரிங் சேஸோடு சேரும் இடங்களில் விரிசல், வெல்டிங் தழும்பு உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் புழுதியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் அங்கேதான் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது.

கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். அதைத் திருத்துவது எளிது. தேய்ந்த பெடல் ரப்பரும், வழவழத்த ஸ்டியரிங்கும் உண்மையைச் சொல்லும்.

முன்பு என்ன ஏற்றினார்கள்?

மெக்கானிக் கேட்க மறக்கும் கேள்வி இது. மளிகைக்காரன் மறக்கக் கூடாது. உப்பும் மீனும் ஏற்றிய வண்டியில் துரு உள்ளிருந்து அரிக்கும். பூச்சிமருந்து ஏற்றிய வண்டியில் அரிசி, மாவு ஏற்றுவது பாவம். மீன் வாடை எத்தனை முறை கழுவினாலும் வெயில் நேரத்தில் திரும்ப வரும். ஆகவே எஞ்சினைக் காலையில் பார்த்தால், பின் தொட்டியை மத்தியான வெயிலில் முகர்ந்து பாருங்கள்.

சுமை ஏற்றி ஓட்டுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். நம் கடையிலிருந்தே 10, 12 மூட்டை ஏற்றி, ஒரு மேட்டில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வண்டி சூடேறுகிறதா, கியர் தானாக நழுவுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். கூடவே நமக்குப் பழகிய மெக்கானிக் இருக்கட்டும். அவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். சோதனை ஓட்டத்துக்குச் சம்மதிக்காதவரிடம் பேரமே வேண்டாம்.

காகிதங்களில் கோட்டை விடாதீர்கள்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேஸ் எண் இரண்டையும் வண்டியில் உள்ள எண்ணோடு நேரில் ஒத்துப் பாருங்கள். வரி, பசுமை வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி., நிலுவை அபராதம் ஆகியவற்றை இப்போது பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். நமக்குப் பழக்கம் இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி.யிலிருந்து விலக்கு இல்லை.

ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அவர்களுடைய தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

நம் பழைய வண்டியை விற்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். விற்ற பிறகு விபத்து நடந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நிறைவாக ஒன்று. பண்டிகை நெருக்கத்தில் பழைய வண்டி வாங்காதீர்கள். அவசரத்தில் இருப்பவனை விற்பவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். சீசனுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே தேடத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தச் சீசனை வாடகை வண்டியில் ஓட்டி விடுங்கள். வாடகை கொடுத்த பணம் ஒரு மாதத்தில் மறந்துவிடும். சரக்கு வராமல் காத்திருந்த வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.