புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் சாகுதா? இதுதான் காரணம்!

சென்னை கொளத்தூருக்குப் போய் ஆசை ஆசையாக மீன் வாங்கி வந்து புதுத் தொட்டியில் விடுவோம். இரண்டு நாள் துள்ளி விளையாடும். நாலாவது நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாரக் கடைசியில் ஒவ்வொன்றாக மிதக்கும். ‘நோய் மீனைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். ஆனால், பெரும்பாலும் பிரச்னை நம்ம தொட்டித் தண்ணீரில்தான் இருக்கும்.

தெளிவான தண்ணீரில் என்ன விஷம்?

மீனின் கழிவிலிருந்தும், மிச்சமான தீவனத்திலிருந்தும் அம்மோனியா உருவாகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீனின் செவுளைப் பாதிக்கும். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த நல்ல பாக்டீரியாக்கள் போதிய அளவு இருக்காது. ஃபில்டர் பஞ்சில் அவை பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அப்போ என்ன பண்ணணும்?

* மீன் விடும் முன், தண்ணீர் நிரப்பி ஃபில்டரை 24 மணி நேரமும் ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.
* நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், உங்க ஃபில்டரில் வையுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.
* சொட்டு மருந்து போல வரும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் மட்டும் மீன் விடலாம். அதுவும் முதலில் இரண்டு, மூன்று போதும்.

எந்தத் தண்ணீர் நல்லது?

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். ஆன்டி-குளோரின் சொட்டு விட்ட பிறகே ஊற்றுங்கள். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக, பி.ஹெச். கூடுதலாக இருக்கும். பி.ஹெச். ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். இதற்காக கெமிக்கல் ஊற்றி பி.ஹெச்.சைத் திடீரென மாற்றாதீர்கள். அந்த அதிர்ச்சியே மீனைக் கொன்றுவிடும். கடினத் தண்ணீர் என்றால் கப்பி, மோலி வளர்க்கலாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் வேண்டாம்.

பலரும் செய்யும் தப்பு

தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, ஃபில்டரைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுவதுதான். ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியா அதோடு போச்சு! வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள்.

மீன் இப்பவே மேலே வந்து தவிக்குதா?

தீவனத்தை நிறுத்துங்கள். ஏர் பம்ப்பை ஓட விடுங்கள். குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை உடனே மாற்றுங்கள். மறுநாள் டெஸ்ட் கிட்டில் மீண்டும் பாருங்கள். அம்மோனியா இன்னும் இருந்தால், மறுபடியும் தண்ணீர் மாற்ற வேண்டியதுதான்.