நாலு பேர் பேசினதை யார் எடுத்து வைக்கிறது?

இந்த எபிசோட் ஐஆர்சி பத்தி. பேரைக் கேட்டதும் "அது தாத்தா காலத்து சமாச்சாரம் ஆச்சே"ன்னு சிலர் நினைப்பீங்க. தப்பில்ல. 1988 ஆகஸ்ட்ல ஃபின்லாந்துல, ஊலு பல்கலைக்கழகத்துல யார்க்கோ ஒய்க்கரினென் எழுதின புரோகிராம் அது. எனக்கு மூத்தது. ஆனா இன்னைக்கும் ஓடுது. நானே முப்பது பேருக்கு ஒரு குட்டி சர்வர் நடத்துறேன். மாசத்துக்குச் சில நூறு ரூபாய் வாடகை, வேற பெரிய செலவு இல்ல.

சர்வர் நடத்துறது எப்படின்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உண்மையைச் சொன்னா அது கஷ்டமே இல்ல. எர்கோன்னு ஒரு சாஃப்ட்வேர், கோ மொழியில எழுதினது. இறக்கி, ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி, சர்டிஃபிகேட் போட்டா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். கஷ்டமான கேள்வி அதுக்கப்புறம்தான் வருது. அங்க பேசினதெல்லாம் எங்க போகுது?

பழைய ஐஆர்சி சர்வர் எதையும் சேர்த்து வைக்காது. டீக்கடை பெஞ்சு மாதிரி நினைச்சுக்கோங்க. நீங்க உட்கார்ந்திருக்கும்போது பேசினது உங்க காதுல விழும். எழுந்து போன பிறகு பேசினது விழாது. கடைக்காரர் நோட்டு போட்டு எழுதி வைக்கவும் மாட்டார். சர்வர் ஒருத்தர்கிட்ட வாங்கின வரியை மத்தவங்களுக்கு அனுப்பிட்டு மறந்துடும். அதனால ஹிஸ்டரின்னு ஒண்ணு இருந்தா, அது அந்த நேரத்துல உள்ள இருந்த யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர்லதான் இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பெரிய நெட்வொர்க்ல பல சர்வர் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும். நடுவுல ஒரு இணைப்பு அறுந்தா, அதுக்குப் பேரு நெட்ஸ்ப்ளிட். இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க கூட்டமா வெளியேறின மாதிரி தெரியும். அவங்களுக்கு நாம வெளியேறின மாதிரி தெரியும். ரெண்டு பக்கமும் பேச்சு தொடரும். அப்ப ஒரே சேனலுக்கு ரெண்டு லாக், ரெண்டும் உண்மை. "அதிகாரப்பூர்வ ஹிஸ்டரி"ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. (முப்பது பேருக்கு ரெண்டு சர்வர் வேணுமான்னு கேட்டா, வெறும் பந்தா. ஒண்ணு போதும்.)

இது ஏன் முக்கியம்னு 2021-ல எல்லாருக்கும் புரிஞ்சது. ஃப்ரீநோட், அப்ப ஓப்பன் சோர்ஸ் உலகத்தோட முக்கியமான ஐஆர்சி நெட்வொர்க்கா இருந்துச்சு. யார் கையில நிர்வாகம்ங்கிற சண்டையில, மே மாசம் அதை நடத்திட்டிருந்த தன்னார்வலர்கள் கூட்டமா விலகி லிபெரா சாட்னு புதுசா ஆரம்பிச்சாங்க. விக்கிப்பீடியா, உபுண்டு சேனல்கள் எல்லாம் அங்க போச்சு. ஜூன்ல ஃப்ரீநோட் நிர்வாகம் பழைய நெட்வொர்க்கைக் கைவிட்டு புதுசா ஒண்ணைத் தொடங்கினாங்க. வருஷக்கணக்கா மக்கள் பதிவு பண்ணி வச்சிருந்த நிக்கும் சேனலும் அந்தப் புது நெட்வொர்க்ல இல்ல.

இப்ப கவனிங்க. உபுண்டுக்காரங்க 2004-லேர்ந்து அவங்க சேனல்களோட லாகைச் சொந்த சர்வர்ல வச்சிருந்தாங்க. சாட் நடந்தது வேற ஒருத்தர் இடத்துல, லாக் இருந்தது இவங்க இடத்துல. அதனால வீடு மாறினப்பவும் பழைய பேச்சு பத்திரமா இருந்துச்சு. எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம், பாட்பாட்னு ஒரு லாகிங் சேவை. பல ப்ராஜெக்ட்டுகள் "அவங்க பார்த்துக்குவாங்க"ன்னு அதை நம்பி இருந்தாங்க. 2018-ல மூடிட்டாங்க. ஓசியில ஒருத்தர் பார்த்துக்கிற வரைக்கும் நமக்கு அந்தக் கேள்வியே வராது, அதுதான் சிக்கல்.

ஒருத்தர் எடுத்து வச்சதால தப்பிச்சதும் இருக்கு. 1991-ல வளைகுடா போர் நடந்தப்பவும், அதே வருஷம் ஆகஸ்ட்ல மாஸ்கோவுல ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தப்பவும் மக்கள் ஐஆர்சியில செய்தி பரிமாறிக்கிட்டாங்க. அந்த லாக் சிலது இன்னும் ஐபிப்ளியோ ஆர்கைவ்ல இருக்கு. படிச்சுப் பாருங்க. செய்தியை விட, செய்தி வர வர ஜனங்க குழம்புறதும், வதந்தியை நம்புறதும், நடுவுல ஒருத்தர் சம்பந்தமே இல்லாம ஹலோ சொல்றதும்தான் எனக்குப் பிடிச்சது. பேப்பர்ல அது வராது.

இடம் ஒரு பிரச்சினையே இல்ல. ஒரு நாளைக்கு 500 வரி, வரிக்கு 100 பைட்னு வைங்க. 50 கேபி. வருஷத்துக்கு 18 எம்பி சொச்சம். பத்து வருஷம் பேசினாலும் உங்க போன்ல இருக்கிற ஒரு கல்யாண வீடியோ அளவுக்கு வராது. அதனால "எடுத்து வைக்க முடியுமா"ங்கிறது கேள்வியே இல்ல. வைக்கலாமாங்கிறதுதான் கேள்வி.

எங்க சர்வர்ல ஒரு நண்பர் ரெண்டு வருஷமா அவர் ஆபீஸ் புலம்பலைக் கொட்டியிருந்தார். மேனேஜர், சம்பளம், ராத்திரி ரெண்டு மணி கால், எல்லாமே. வேலை மாறினப்புறம் கேட்டார், "மச்சி, நான் பேசினது மொத்தத்தையும் அழிச்சிடு." நியாயமான கேள்வி. ஆனா அதே லாக்லதான், அவர் பொறுமையா உட்கார்ந்து ரெண்டு ஜூனியர் பசங்களுக்கு போஸ்ட்கிரெஸ் சொல்லிக் குடுத்ததும் இருக்கு. அவர் வரிகளை எடுத்துட்டா அவங்க கேள்வி மட்டும் அந்தரத்துல தொங்கும். அது அவங்க ஹிஸ்டரியும்தானே?

அவரோட உட்கார்ந்து பேசினேன். அரட்டை சேனல்ல அவர் வரி முழுக்க அழிச்சாச்சு. டெக்னிக்கல் சேனல்ல வரி இருக்கும், பேர் மட்டும் வேற. இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் போதும்னு தோணும், போதாது. மத்தவங்க "டேய்"னு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது இருக்கு, செல்லப் பேர் நாலு விதமா இருக்கு, பேக்கப்பிலயும் அதே வேலையைச் செய்யணும். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு. இன்னொண்ணையும் அவர்கிட்ட மறைக்காம சொன்னேன்: மத்தவங்க லேப்டாப்ல இருக்கிற காப்பியில நான் கை வைக்க முடியாது. கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "அவங்க நம்ம பசங்கதானே"ன்னார்.

அதுக்கப்புறம் எங்க சர்வர்ல ரெண்டு வகை சேனல். லாக் ஆகிறதுல டாபிக் வரியிலயே அது எழுதியிருக்கும், லாக் எடுக்கிற பாட் எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி லிஸ்ட்ல உட்கார்ந்திருக்கும். லாக் ஆகாத சேனல்ல எர்கோவோட ஹிஸ்டரியையும் அணைச்சு வச்சிருக்கேன். சத்தமில்லாம லாக் எடுக்கிறது எனக்கு ஒட்டுக் கேக்கிற மாதிரிதான் படுது, நோக்கம் எவ்வளவு நல்லதா இருந்தாலும்.

நீங்களும் செய்யறதா இருந்தா ரெண்டு விஷயம். முதல்ல நேரம். அடிப்படை ஐஆர்சி மெசேஜ்ல நேரமே கிடையாது, வாங்குற கிளையன்ட்தான் முத்திரை குத்தும். சென்னையில இருக்கறவர் லாகும் டொரன்டோவுல இருக்கறவர் லாகும் ஒத்துப் போகாது. நேர மண்டலத்தோட சேர்த்து எழுதுங்க, முடிஞ்சா யூடிசியில.

ரெண்டாவது எழுத்து. ஒரு ஐஆர்சி மெசேஜுக்கு எல்லை 512 பைட். நிக், சேனல் பேர் எல்லாம் போக 400 சொச்சம்தான் மிஞ்சும். யூடிஎஃப்-8ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியா. "வணக்கம்" 21 பைட். தங்கிலீஷ்ல அடிச்சா 8. அதனால நீளமா தமிழ்ல எழுதினா வரி பாதியில வெட்டுப்படும். போதாக்குறைக்கு, எழுத்து எந்த முறையில இருக்குன்னு அந்தப் புரோட்டோகால் சொல்றதே இல்ல. யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி திஸ்கியில அரட்டை அடிச்சவங்க லாகை இன்னைக்கு அப்படியே திறந்தா ஐரோப்பிய எழுத்தா கொட்டும். ஃபைல் இருக்கும், படிக்க முடியாது.

உங்க அண்ணன், சித்தப்பா யார்கிட்டயாவது அப்படி ஒரு பழைய ஃபைல் கிடந்தா, மாத்துறதுக்கு முன்னாடி அசலை ஒரு காப்பி எடுத்துட்டு, அப்புறம் கன்வெர்ட்டர்ல போடுங்க. பக்கத்துல ஒரு சின்ன ரீட்மீ: எந்த எழுத்துமுறை, எந்த ஊர் நேரம், யாரைக் கேட்டு வச்சோம். அடுத்த எபிசோட்ல எர்கோ கான்ஃபிக் ஃபைலை வரி வரியா பார்ப்போம்.