வீட்ல சொல்லிட்டீங்களா?

அக்கா மகன் வாசிப்பது பேஸ் கிதார். ரிசப்ஷன் மேடையில் பாடகருக்குப் பின்னால், லைட் விழாத மூலையில் ஒருத்தர் 'தும்... தும்...' என்று நாலு தந்தியைத் தட்டிக்கொண்டு நிற்பாரே, அந்த வாத்தியம்தான். அவர் நிறுத்தினால்தான் அவர் இருந்ததே தெரியும்!

போன மாதம் அந்தக் கிதாரை ஹாலில் பேப்பர் விரித்துப் படுக்கப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டாயிரம் ரூபாய்ப் பொருள். நான் பி.காம்.; 'தேய்மானம்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பதறிப்போய்க் கேட்டேன்.

"பச்சை அடிக்கப் போறேன் மாமா. உறுப்பு தானத்துக்குப் பச்சை ரிப்பன்தானே அடையாளம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த பையன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். இவன் அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றான்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்ததே 2008-ல், ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை டாக்டர்களான அவன் பெற்றோர் தானம் செய்த பிறகுதான். 2023-ல் தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்றும் அறிவித்தார்கள். ஆனாலும் ஒரு சிக்கல். நீங்கள் கார்டில் கையெழுத்துப் போட்டு பர்ஸில் வைத்திருந்தாலும், கடைசியில் 'சரி' சொல்ல வேண்டியது வீட்டார். நமக்கு என்ன விருப்பம் என்றே தெரியாமல் அந்த நேரத்தில் அவர்கள் என்ன சொல்வார்கள், பாவம்!

அமெரிக்கப் பாடகர் வுடி கத்ரி 1940-களில் தன் கிதார் மேல், 'இந்த இயந்திரம் ஃபாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று எழுதி வைத்திருந்தார். பாட்டைக் கேட்காதவன்கூடப் படித்துவிட்டுப் போவான் இல்லையா? பயல் அங்கேதான் ஐடியாவைப் பிடித்திருக்கிறான்.

வேலை சுலபமில்லை. தந்தியைக் கழற்றி, பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் டேப் ஒட்டி மூட வேண்டும். பழைய வழுவழுப்பைத் தேய்க்காவிட்டால் புதுப் பெயிண்ட் உரிந்துவிடும். மெல்லிசாகப் பல கோட்டிங், ஒவ்வொன்றும் காயும்வரை பொறுமை. விரல் ஓடும் கழுத்துப் பலகையில் மட்டும் பெயிண்ட் படவே கூடாது. கடைசியில் வார்னிஷ்.

எழுத்துக்கு, ஆட்டோவில் எழுதும் பெயிண்டரைப் பிடித்தோம். கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பிரசவத்துக்கு இலவசம்னு போடட்டுமா தம்பி?" என்றார். வாசிக்கிற கை மறைக்காத மேல் பக்கத்தில், 'வீட்ல சொல்லிட்டீங்களா?' என்று மஞ்சளில் எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டதும் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அக்காதான் பத்து நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "வயசுப் பையன் பேசுற பேச்சா இது? அபசகுனம்!"

போன ஞாயிற்றுக்கிழமை தோசை வார்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "எனக்கு சுகர் இருக்கே... என் கண்ணை எடுத்துப்பாங்களாடா?"

"தாராளமாம்மா. சுகர் இருந்தாலும் கண் தானம் பண்ணலாம்."

"அப்ப எழுதிக்கோ" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னும் வீட்ல சொல்லலியா?"