துணிக்கடையில் நின்றதையும் எழுதுங்கள்

கல்லூரியின் கடைசி ஆண்டில் ஒரு ஃபைல் கைமாறும். சீனியர் கொடுத்த ரெஸ்யூம். பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றி வகுப்பே அதை அனுப்பும். 'நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என் திறமையைப் பயன்படுத்த விரும்புகிறேன்' என்ற முதல் வரியில் தொடங்கி, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழி வரை எல்லாம் ஒன்றே. நடுவில் அப்பா பெயர், மதம், திருமணமானவரா இல்லையா. சிலர் ஆதார் எண்ணையும் போடுகிறார்கள். தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இவை தேவையில்லை. முகம் தெரியாதவருக்கு ஆதார் எண்ணை அனுப்புவது ஆபத்தும்கூட.

இத்தனைக்கும் இடம் கொடுத்தவர்கள், தாங்கள் பார்த்த வேலையை மறைத்துவிடுகிறார்கள். தீபாவளி சீசனில் துணிக்கடையில் நின்றவர்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியவர்கள், அதிகாலையில் பேப்பர் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்தவர்கள் நம் கல்லூரிகளில் ஏராளம். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலருக்கு இதைச் சொல்லக் கூச்சம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. 'பில்லிங் கவுன்டரில் இரண்டு தீபாவளி சீசன் வேலை பார்த்தேன்; இரவு கணக்கு முடித்து ரொக்கத்தை ஒப்படைத்தது நான்' என்று எழுதினால், பணத்தை நம்பிக் கொடுக்கலாம், கூட்டத்தைச் சமாளிப்பார் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். 'கடின உழைப்பாளி' என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். நான்கு பேர் சேர்ந்து தானியங்கிப் பாசனக் கருவி செய்திருப்பார்கள். நால்வரும் எழுதுவது அதன் தலைப்பை மட்டும். நீங்கள் செய்தது எது? 'மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சாரை ஆர்டுயினோ போர்டுடன் இணைத்தேன். ஈரம் குறைந்தால் மோட்டார் ஓடும்படி புரோகிராம் எழுதினேன்.' இன்டர்வியூவில் கேள்வி இங்கிருந்துதான் வரும், பதிலும் உங்களிடம் இருக்கும். ஆங்கிலம் தடுக்கிறதா? முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் மாற்றுங்கள். அலங்காரம் வேண்டாம்.

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்க ரெஸ்யூம் தாராளம். விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறமை உங்களிடம் இருந்தால், அதே பெயரில் மேலே குறிப்பிடுங்கள். பல பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை மென்பொருள்தான் வாங்கிப் பிரித்து வைக்கிறது. கட்டங்கள், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் டிசைன், படமாக ஒட்டிய எழுத்து எல்லாம் அதைக் குழப்பக்கூடும். அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பில் உள்ள எழுத்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் இடம் மாறினாலோ போன் எண் காணாமல் போனாலோ, எளிய வடிவில் மீண்டும் டைப் செய்துவிடுங்கள்.