வயலின் சதுரமும் வடிவியலின் அறுகோணமும்

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜவாய்க்கால், கரும்பையும் வாழையையும் வளர்க்கிறது. அப்பாசன நிலத்தில் மூன்று உரங்களுள் சிறந்தது எதுவென ஓர் உழவர் ஆராய்வதாகக் கொள்வோம். வாய்க்காலை ஒட்டிய பாத்திகளில் ஈரம் மிகும், கடைமடையில் குறையும். மண்வளமும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறக்கூடும். ஓர் உரத்தை வாய்க்கால் ஓரத்தில் மட்டும் இட்டால், விளைச்சல் உரத்தால் வந்ததா, நீரால் வந்ததா என்பது புலப்படாது. தவறான முடிவு ஓராண்டு உழைப்பை வீணாக்கும்.

இலத்தீன் சதுரம்

நிலத்தை ஒன்பது பாத்திகளாகப் பகுத்து, உரங்களைப் பின்வருமாறு இடலாம்:

1 2 3
2 3 1
3 1 2

ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஒவ்வோர் உரமும் ஒருமுறையே வருகிறது. எனவே ஈரமும் மண்வளமும் எவ்வுரத்திற்கும் சார்பாக அமைவதில்லை. இவ்வமைப்பே இலத்தீன் சதுரம். ஆய்லர் இலத்தீன் எழுத்துகளைக் கொண்டு இதனை ஆராய்ந்ததால் இப்பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் ரொனால்டு ஃபிஷர் இதனை வேளாண் ஆய்வுக்குரிய கருவியாக்கினார்.

எண்கள் வரையும் வடிவம்

1, 2, 3 ஆகியவற்றை ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு வரிசையையும் முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியாகக் குறித்தால், ஆறு புள்ளிகளும் ஒரே தளத்தில் ஓர் ஒழுங்கு அறுகோணத்தின் முனைகளாகின்றன. மேற்கண்ட சதுரத்தின் மூன்று நிரைகளோ ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த முனைகள். அவற்றை இணைத்தால் சமபக்க முக்கோணம் தோன்றும். அறுகோணத்தில் இத்தகைய முக்கோணங்கள் இரண்டு. ஒவ்வொன்றின் முனைகளையும் ஆறு வகையாக அடுக்கலாம். ஆகவே மூன்றாம் வரிசை இலத்தீன் சதுரங்கள் மொத்தம் 12.

நான்கு எண்களாயின் 24 முனைகளும், 8 அறுகோண முகங்களும், 6 சதுர முகங்களும் கொண்ட திண்மம் பிறக்கிறது. நான்காம் வரிசைச் சதுரங்கள் 576. ஒவ்வொன்றின் நிரைகளும் இத்திண்மத்தின் நான்கு முனைகளாகும். ஒவ்வொரு நிரலின் கூடுதலும் 10 ஆதலால், அந்நான்கு முனைகளின் சராசரிப் புள்ளி திண்மத்தின் மையத்திலேயே விழுகிறது. வயலில் சார்பின்மையாக விளங்குவது வடிவியலில் சமச்சீராக வெளிப்படுகிறது.

ஆய்லரின் கணிப்பு

இரு இலத்தீன் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, ஒவ்வோர் இணையும் ஒருமுறையே தோன்றுமாறு அமைக்கலாமா? 6, 10, 14 போன்ற வரிசைகளில் அஃது இயலாது என 1782இல் ஆய்லர் கணித்தார். ஆறாம் வரிசைக்கு அக்கணிப்பு சரியே. ஆனால் 1959இல் இந்தியாவில் பிறந்த இராஜ் சந்திர போஸ், ஸ்ரீகண்டே ஆகியோரும் அமெரிக்கரான பார்க்கரும், பத்தாம் வரிசை முதலாக அது பொய்க்கும் என மெய்ப்பித்தனர். 177 ஆண்டுகள் நிலைத்த கணிப்பு வீழ்ந்தது. போஸ் இத்துறைக்கு வந்த வழி, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அவர் மேற்கொண்ட சோதனை வடிவமைப்பு ஆய்வேயாகும். பாத்தியில் எழும் வினாவும் கணிதத்தின் உயரிய உண்மைக்கு வழிகாட்டவல்லது.