அந்நிய மூலதனம்: பொன்மலையிலிருந்து ஒரு பார்வை

‘வெளிநாட்டுக்காரன் பணம் கொண்டாந்தா நாடு வளருமா, வளராதா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க’ என்றார் ஸ்ரீரங்கத்துத் தோழர் ஒருவர். ஒத்தை வார்த்தையில் அடங்காது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டாம், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும்.

அந்நிய நேரடி முதலீடு என்பது கடன் அல்ல. பங்குச்சந்தையில் காலையில் வந்து மாலையில் போகிற பணமும் அல்ல. இங்குள்ள ஒரு தொழிலை உடைமையாக்கி, அதை நடத்தும் அதிகாரத்தையும் வைத்துக்கொள்வது. இந்த ‘அதிகாரம்’ என்ற சொல்லைத்தான் பாடநூல்கள் ஓட்டமாகக் கடந்துவிடுகின்றன.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1862 வாக்கில் ரயில் வந்தது. போட்டது ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா’ என்ற பிரிட்டிஷ் கம்பெனி. நிலம் இலவசம், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வருமானம் உத்தரவாதம். வசூல் குறைந்தால் மீதியை அரசு, அதாவது இங்கே வரி கட்டிய குடியானவன், ஈடுகட்டுவான். முதலாளி என்றால் ‘ரிஸ்க்’ எடுப்பவன் என்கிற சித்தாந்தம் இங்கே தலைகீழாகிறது: லாபம் லண்டனுக்கு, நட்டம் நமக்கு. பின்னாளில் அது தென்னிந்திய ரயில்வேயாகி, 1928-இல் பணிமனை பொன்மலைக்கு வந்தபோது கூடவே ஆட்குறைப்பும் வந்தது. அந்த ஆண்டு வேலைநிறுத்தத்துக்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது 1944-இல். ரயிலால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயனுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

திருவெறும்பூர் பாய்லர் ஆலை வேறு கதை. 1965-இல் உற்பத்தி தொடங்கிய ‘பெல்’லுக்கு செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தொழில்நுட்பம் வந்தது; உடைமை வரவில்லை. துவாக்குடி வரைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன, வெல்டர்கள் உருவானார்கள். ஆனால் இதையும் புனிதப்படுத்த வேண்டாம்: ஒரே ஆலையை நம்பிய பட்டறைகள், அதன் ஆர்டர் வற்றியபோது கூடவே வற்றின.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளோடு வந்து, ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்து, வரித் தகராறுக்கு நடுவே 2014 நவம்பரில் நின்றுபோனது. அது ஓடியவரை செய்த செல்போனெல்லாம் ‘உள்நாட்டு உற்பத்தி’க் கணக்கில் ஏறியது. வெளியே போகிற லாபத்தைக் கழித்துச் சொல்வது ‘தேசிய வருமானம்’. மேடையில் நமக்குச் சொல்லப்படுவது முதல் கணக்குதான்.

போரென்ஸ்டைன், டி கிரகோரியோ, லீ மூவரும் 69 வளரும் நாடுகளை ஆராய்ந்து 1998-இல் எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. அந்நிய முதலீடு வளர்ச்சிக்கு உதவுகிறது, ஆனால் உள்ளூர் மக்களின் கல்வி ஒரு மட்டத்தை எட்டியிருந்தால்தான் என்பது அவர்கள் முடிவு. மார்க்சியர்களல்லர், ஆயினும் விஷயம் பணத்தின் அளவில் இல்லை, வாங்கிக்கொள்கிற மண்ணில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

2024 செப்டம்பரில் ஜேபில் என்ற அமெரிக்கக் கம்பெனி திருச்சியில் 2,000 கோடி ரூபாய்க்கு மின்னணு ஆலை அமைக்க, 5,000 பேருக்கு வேலை என்று சொல்லி, தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. துவாக்குடிப் பட்டறைக்காரர் அதற்கு ஒரு திருகாணியாவது செய்து கொடுப்பாரா, எல்லாம் பெட்டியில் வந்து இறங்குமா? வேலை நிரந்தரமா, கான்ட்ராக்டா? சலுகைக் காலம் தீர்ந்த மறுநாள் யார் இருப்பார்கள்? தோழர் கேட்ட கேள்வியை இந்த மூன்றாக உடைத்துக் கேட்டால் பதில் கிடைக்கும்.