பம்பர் நரைத்தால்

ஆர்.சி. புதுப்பிக்கக் கிளம்பிய அன்று காலையில் மைத்துனன் கேட்டான்: "வண்டி நல்லாத்தான் ஓடுது மாமா. மூஞ்சி மட்டும் ஏன் சாம்பல் பூசின மாதிரி இருக்கு?"

வண்டி 2007-இல் வாங்கிய மாருதி 800. என்ஜினில் குறை இல்லை, பாடி பெயின்ட்டும் பரவாயில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய பம்பர், கதவுப் பீடிங், வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை எல்லாம் நரைத்துக் கிடந்தன. தாம்பரத்தில் நிழலே இல்லாத தெருவில் 15 வருடம் நின்றால் வேறென்ன ஆகும்?

இது அழுக்கு அல்ல. பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், மொட்டை மாடியில் போட்டு வைக்கும் நாற்காலிக்கு உறவுக்காரன். கறுப்புக்காக அதில் கலக்கும் கரிப்பொடி வெயிலையும் ஓரளவு தடுக்கும். ஆனாலும் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு, மேல்பரப்பில் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துகொண்டே வரும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து அவற்றில் ஒளி சிதறுவதுதான் அந்த வெளுப்பு. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெடிப்புகளை நீர் நிரப்பியதும் பம்பர் புதுசு போலக் கறுக்கும். காய்ந்ததும் பழையபடி கிழவனாகிவிடும்.

வாட்டர் வாஷ் கடைகளில் கடைசியாகத் தடவிவிடும் பாலிஷும் இதே வித்தைதான். தண்ணீருக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய், அதனால் சில வாரம் தாங்கும். நரைமுடிக்கு எண்ணெய் வைத்துப் படிய வாருவது போன்ற வேலை. நானும் வருடக்கணக்காக அதற்குக் காசு கொடுத்திருக்கிறேன். ஹீட் கன்னால் சூடு காட்டிக் கறுப்பாக்குவதும் உண்டு. மேல்பரப்பு லேசாக இளகுவதால் நிறம் திரும்பும், சில மாதத்தில் மறுபடி வெளுக்கும். கை ஒரு நொடி அதிகம் நின்றால் பம்பரே நெளிந்துவிடும்.

பழைய பம்பர் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்று புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளுக்கும் போனேன். அங்கே கிடந்தவை என்னுடையதைவிட அதிகம் நரைத்திருந்தன. அவையும் வெயிலில் கிடந்தவைதானே.

கடைசியில் ஒரு பெயின்டரிடம் விட்டேன். "அரை நாள் வேலை சார்" என்றார். துணியால் துடைத்தார், மேட் பிளாக் அடித்தார், மாலையில் வண்டி வந்தது. அடித்த அன்றே அங்கங்கே மீன்கண் போலச் சின்னச் சின்ன வட்டங்கள். இரண்டாவது மாதம், தண்ணீர்க் குழாயின் வேகத்துக்கே பெயின்ட் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது.

வட்டங்களுக்குக் காரணம் நானேதான். வருடக்கணக்கில் தடவிய சிலிக்கோன் எண்ணெய் இருந்த இடத்திலெல்லாம் பெயின்ட் விலகி ஓடியிருக்கிறது. உரிந்ததற்குக் காரணம் பிளாஸ்டிக்கின் குணம். பாலிபுரொப்பிலீன் எதையும் எளிதில் ஒட்டவிடாது. உடைந்த பக்கெட்டை உடனடிப் பசையால் ஒட்டிப் பார்த்துத் தோற்றவர்களுக்கு இது புரியும். கார்த் தொழிற்சாலைகளில்கூட பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் தீச்சுவாலை காட்டியோ தனிப் பிரைமர் அடித்தோதான் வழிக்குக் கொண்டுவருகிறார்கள்.

இரண்டாம் முறை நானே இறங்கினேன். முதலில் பம்பரைக் கழற்றிப் பின்புறம் பார்த்தேன். அங்கே இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே 'பிபி' என்று அச்சாகியிருந்தால் பாலிபுரொப்பிலீன். 'ஏபிஎஸ்' என்றிருந்தால் வேறு ரகம், அதில் பெயின்ட் சுலபமாகப் பிடிக்கும். ஆனால் தின்னர் பட்டால் கரையும். எழுத்து தேய்ந்திருந்தால், பின் ஓரத்தில் பிளேடால் ஒரு துணுக்குச் சீவித் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், ஏபிஎஸ் மூழ்கும்.

அதன் பிறகு கழுவல். சனிக்கிழமை முழுக்க இதற்கே போனது. பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு முறை, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைப் பனியன் துணி. முதல் துணி கரி பிடித்தது. நான்காவதில் பழுப்பு. ஏழாவது துணி வெள்ளையாகவே திரும்பி வந்தபோதுதான் நிறுத்தினேன். எண்ணெய் போகும் முன் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும்.

பெயின்ட் பிடிக்க மேல்பரப்பைத் தேய்ப்பதற்குச் சமையலறைப் பச்சை நார் வேண்டாம், கோடு விழும். பெயின்ட் கடையில் சாம்பல் நிற நார் கிடைக்கிறது. பம்பரில் சொரசொரப்பான அச்சு இருந்தால் உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். அச்சு ஒருமுறை மழுங்கினால் திரும்ப வராது.

ஞாயிறு காலை ஏழு மணி. வெயில் ஏறும் முன், காற்று இல்லாத நேரம். முதலில் பிளாஸ்டிக் பிரைமர். கடையில் சாதாரணப் பிரைமரைத் தலையில் கட்டிவிடுவார்கள், டப்பாவில் 'அட்ஹீஷன் புரோமோட்டர்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது தண்ணீர் போல நிறமற்றது, அடித்ததே தெரியாது. அதனால் இன்னும் கொஞ்சம் அடிக்கக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், மெல்லிய பூச்சே போதும். அதன் மேல் எத்தனை நிமிடத்துக்குள் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அந்த நேரம் தாண்டினால் அதன் பிடி போய்விடும்.

பெயின்ட் அடிக்கும் வேலை மொத்தமே அரை மணி நேரம்தான். ஸ்பிரே டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பம்பருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல் கோட் தூவினாற்போல, அடியில் பிளாஸ்டிக் தெரியும்படிதான் இருக்கும். ஒரே மூச்சில் மூடிவிட நினைத்தால் ஒழுகும். பத்துப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று கோட் அடித்தேன். பளபளக்கும் கறுப்பு வேண்டாம் என்பேன். அது பழைய வண்டிக்கு மீசையில் மை தடவிய மாதிரி இருக்கும். மேட்டுக்கும் பளபளப்புக்கும் நடுவே இருக்கும் சாட்டின் பிளாக்தான் அசலோடு ஒத்துப்போகிறது.

அடித்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. பார்க்கிங்கில் யாரோ உரசிய ஓரிடம் தவிர எங்கும் உரியவில்லை.

நீங்களும் அடிப்பதாக இருந்தால், அடித்த பிறகு ஒரு வாரம் வண்டியைக் கழுவ விடாதீர்கள். அதற்குப் பிறகு வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோகும்போது, பாலிஷ் டப்பாவோடு வரும் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பம்பர்ல மட்டும் கை வைக்காதே தம்பி."